மறுகாக் கேட்க வேண்டிய அக்கா

அக்காவிடம் எதையும் ஒரு தரம் கேட்டுவிட்டு விடக் கூடாது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டால், "வேணாம் புள்ள, இப்பதான் குடிச்சிட்டு வந்தன்" என்பார். குடித்திருக்க மாட்டார். களுதாவளையில் விடியப்புறம் பஸ் பிடித்து, மட்டக்களப்பு டவுணில் இறங்கி, வாழைச்சேனை பஸ்ஸுக்கு மாறி, வந்தாறுமூலையில் போய் இறங்கும் வரைக்கும் அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்காது. பக்கத்து ஆசனத்தில் இருந்து வந்த எனக்குத் தெரியாதா? ஆனாலும் வேணாம் என்பார். நாங்கள் மறுகா, அதாவது திரும்பவும், கேட்க வேண்டும். அப்போதும் தலையை ஆட்டுவார். இன்னொரு தரம் கொஞ்சம் கோபமாகக் கேட்டால், "சரி, நீ இவ்வளவு சொல்றாய், ஒள்ளுப்பம் தா" என்று கையை நீட்டுவார். கொஞ்சம் என்று கேட்டதைக் கோப்பை நிறையக் குடிப்பார்.

அவர் எனக்குச் சொந்த அக்கா இல்லை. வந்தாறுமூலைக் கம்பஸ் நூலகத்தில் உதவியாளராக இருந்தார். நான் அதே கம்பஸில் பரீட்சைப் பகுதிக் கிளார்க். இரண்டு பேருக்கும் ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து ஒழுங்கை. போகும்போது இரண்டு பஸ், வரும்போது இரண்டு பஸ் என்று எங்கள் சீவியத்தின் பெரும் பகுதி ரோட்டிலேயே கழிந்தது. அந்த அலுப்பை ஒன்றாகச் சுமந்த சொந்தம்தான் எங்களுடையது. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லெக்சரர்மாரும் அக்கா, பஸ் கொண்டக்டரும் அக்கா. இப்போது அவர் இல்லை. நான் இன்னும் அதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் தரம் வேண்டாம் என்பது அக்கா கண்டுபிடித்த பழக்கம் இல்லை. எங்கள் பக்கத்து மரியாதையே அதுதான். கேட்ட உடனே ஓம் என்றால், அதற்காகவே வந்தவர் போல் ஆகிவிடும். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்பதையே கஞ்சத்தனம் என்று நினைக்கிற வீடுகள் உண்டு. கேட்காமல் கொண்டுவந்து கையில் தர வேண்டும். ஆனால் நாங்கள் எல்லோரும் இதை வீட்டு வாசலோடு வைத்துக்கொண்டோம். கடையில், கந்தோரில், ஆஸ்பத்திரியில் ஓம் என்றால் ஓம் என்று பழகிக்கொண்டோம். அக்கா மட்டும் பழகவில்லை. அவருக்கு உலகம் முழுவதும் ஒரு பெரிய களுதாவளை.

பஸ்ஸில் யாராவது பெடியன் எழும்பி, "இருங்கம்மா" என்பான். "நீங்க இருங்க மகன், நான் பக்கத்திலதான் இறங்குவன்" என்பார். டவுண் வரைக்கும் ஒரு மணித்தியாலப் பயணம் அது. இந்தக் காலத்துப் பெடியன் என்ன செய்வான்? சொன்னதை நம்பி மறுபடி இருந்து, காதில் வயரைச் செருகிக்கொள்வான். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டும் வரை நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கால் வீங்கிக் கிடக்கு, இருக்கச் சொன்னா இருக்க ஏலாதா அக்கா?"

"அந்தப் புள்ள மறுகா ஒருக்கா சொல்லுவான் எண்டு நினைச்சன்."

"அவன் ஏன் சொல்றான்? நீங்கதானே வேணாம் எண்டீங்க."

"அதுக்கு?" என்று என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நான்தான் மரியாதை தெரியாதவள்.

ஒரு வருசம் மழை விடாமல் பெய்து, எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் வெள்ளத்தில் போய், பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தோம். எங்கிருந்தோ லொறியில் பாயும் போர்வையும் கொண்டு வந்தார்கள். கொடுத்தவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். அக்காவிடம் வந்து, "அம்மா, உங்களுக்குப் பாய் வேணுமா?" என்று கேட்டார்கள். "எனக்கு வேணாம் தம்பி, மத்தாக்களுக்குக் குடுங்க" என்றார். அவர்கள் கொடுத்துக்கொண்டே போய், முடிந்ததும் லொறியில் ஏறிப் போய்விட்டார்கள். அக்கா என்னுடைய பாயில் பாதியில் படுத்தார். பாதி என்றால் முக்கால்வாசி. நான் சீமெந்தில் கிடந்து குளிரில் நடுங்கிக்கொண்டு அவரைத் திட்டினேன். அவரும் திட்டினார், லொறியில் வந்த பிள்ளைகளை. வேணுமா என்று கேட்பவனுக்குக் கொடுக்க விருப்பம் இல்லை என்றுதான் அர்த்தமாம்.

இன்னொரு கதை அவரே சொன்னது. அவருடைய புருசன் சண்டைக் காலத்தில் ஒருநாள் டவுணுக்குப் போனவர். போனவர் போனவர்தான். மகனுக்கு அப்போது பால் மறக்கவில்லை. சில வருசம் கழித்து, தேற்றாத்தீவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர், பெண்சாதி இறந்தவர், நல்ல மனிதர், ஆள் வைத்துக் கேட்டாராம். பிள்ளையையும் தன் பிள்ளையாகப் பார்ப்பேன் என்று சொல்லி விட்டாராம். அக்கா வேண்டாம் என்றார். அந்த மனிதரும் சரி என்று விட்டுவிட்டார். அடுத்த வருசம் வேறு ஒருத்தியைக் கட்டினார்.

"மறுகா ஒருக்காக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பன் புள்ள" என்றார் அக்கா, பஸ் ஜன்னலால் அந்த சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டு. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தான் கொடுக்கும்போதும் அப்படித்தான். யார் வேண்டாம் என்றாலும் நம்பமாட்டார். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் வாடின முகம் ஒன்றைக் கண்டால், பின்னறைக்குக் கூட்டிப்போய்த் தன் சோற்றுப் பொதியை அவிழ்த்துவிடுவார். ஒரு நாள் யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று அழாக் குறையாகச் சொல்லியிருக்கிறது. இவர் விடவில்லை. கருவாட்டுக் குழம்போடு சோற்றைக் குழைத்து வாய்க்குள் வைத்த பிறகுதான் தெரிந்தது, அது கந்தசட்டி விரதம் பிடிக்கிற பிள்ளை. பிள்ளை தேம்பித் தேம்பி அழுதது. அக்கா ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. "வேணாம் எண்டது உண்மையாவே வேணாம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சொல்லைச் சொல்லாக எடுக்கத் தெரியாத ஒருவர் இந்த உலகத்தில் எப்படிக் காலம் தள்ளுவார் என்று நினைத்தேன்.

மகன் பத்தொன்பது வயதில் வெளிநாடு போனான். அலைந்து திரிந்து கடைசியில் மெல்பேர்னில் நின்றான். அங்கேயே ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கட்டினான். நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளை. பெற்றோர் யாழ்ப்பாணத்தார், பிறந்ததெல்லாம் அங்கே. அக்கா ஓய்வுபெறும் வருசம் அவர்கள் இரண்டு பேரும் வருவதாகச் செய்தி வந்தது. அந்தச் செய்தி வந்ததில் இருந்து அக்காவின் நடத்தை மாறிவிட்டது. கோழிகளை ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். கேட்டால், கொத்திக் கிளறி முற்றம் பழுதாகுது என்றார். டவுணில் இறங்கி ஒரு தடித்த சுவெற்றர் வாங்கினார். மட்டக்களப்பு வெயிலுக்கு சுவெற்றர் எதற்கு என்று கேட்டேன். விலை மலிவு என்றார். கடைசியில் ஒரு நாள் வாழைச்சேனை பஸ்ஸில் தானாகவே வாயைத் திறந்தார்.

"மகன் கூப்பிட்டா நான் போவன் புள்ள. பென்சன் எடுத்த மறுகா அந்த வீட்டுக்குள்ள தனியக் கிடந்து என்னத்தப் பாக்கிறது? நெஞ்சடைச்சுக் கிடந்தாலும் ஆருக்குத் தெரியும்?"

"அப்ப கேளுங்க. வரட்டா மகன் எண்டு கேளுங்களன்."

"பெத்தவள் போய்ப் புள்ளயிட்டக் கேக்கிறதா? நல்லாச் சொன்னாய். அவன் கேக்கட்டும்."

அவர் போனால் அந்த ஆசனத்தில் யாரோ வந்து இருப்பார்கள். மாமியார் படுக்கையில் கிடக்கிற வீட்டில் இருந்து நான் விடியப்புறம் ஓடி வந்து, மூச்சு வாங்கி, மனதில் இருப்பதைக் கொட்டுகிற இடம் அது ஒன்றுதான். ஆனாலும் போக வேண்டும் என்றுதான் விரும்பினேன். போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மகன் வந்து வீட்டில் தங்கவில்லை. பாசிக்குடாக் கடற்கரையில் பெரிய ஹோட்டல் ஒன்றில் அறை எடுத்திருந்தான். "எங்கட கிணத்துத் தண்ணி அந்தப் புள்ளக்கு ஒத்துக்கொள்ளாது" என்று அக்கா எல்லோருக்கும் தானே முந்திக்கொண்டு காரணம் சொன்னார். முந்தின நாள் இரவு விமானத்தால் இறங்கி, விடிய விடிய வாகனம் ஓட்டி வந்திருந்தார்கள். லீவு கொஞ்ச நாள்தான். பிறகு யாழ்ப்பாணத்துக்கும் போக வேண்டும். அதனால் வந்த அன்றைக்கே அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு ஹோட்டலில் என்று ஏற்பாடு செய்து, ஒரு வானும் பிடித்து அனுப்பியிருந்தான். தனியாகப் போகமாட்டேன் என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மகன் கூப்பிட்டது அம்மாவைத்தானே என்று நான் முதல் தரம் வேண்டாம் என்றேன், அக்கா விடவில்லை. நானும் களுதாவளைதானே.

ஹோட்டலுக்குள் வேறு வேறு சமையலுக்கு வேறு வேறு மண்டபம் இருந்தது. மகன் எங்களைக் கூட்டிப்போனது கன்ரனீஸ் மண்டபத்துக்கு. சீனாவின் தெற்குப் பக்கத்துச் சமையல், எண்ணெய் குறைவு, அம்மாவின் பிறசருக்கு நல்லது என்று விளங்கப்படுத்தினான். நல்ல பிள்ளை. யோசித்துத்தான் செய்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. மருமகள் அக்காவைக் கட்டிப்பிடித்து, "எப்பிடி இருக்கிறீங்க மாமி?" என்றாள். அக்கா அவளுடைய கன்னத்தைத் தடவி முத்தம் வைத்தார்.

உள்ளே ஏசிக் குளிர். தரையில் கால் வைத்தால் சத்தம் வராத கம்பளம். சுவர் முழுவதும் கறுப்பு மரம், அதில் தங்கக் கோடு. வட்ட மேசை. அதன் நடுவில் இன்னொரு கண்ணாடி வட்டம், தொட்டால் சுற்றும். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம், சின்னத் தட்டு, இரண்டு குச்சி, குச்சி படுத்துக்கொள்ள ஒரு வெள்ளிக் கட்டை. சேலையைப் போலக் கொசுவி வைத்திருந்த துணியை எடுத்து மடியில் விரிக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அப்படியே ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

வெள்ளைக் கையுறை போட்ட வெயிற்றர் பெடியன் கேத்தலோடு வந்து, குனிந்து, இங்கிலீஷில் தேத்தண்ணி வேண்டுமா என்று அக்காவிடம் முதலில் கேட்டான். மூத்தவர் என்று மரியாதை. அக்கா தலையை ஆட்டி, "நோ, நோ" என்றார். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து நன்றி சொல்லிவிட்டு எனக்கு ஊற்றினான். மல்லிகைப்பூ வாசம் அடித்தது. அக்கா என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூங்கில் தட்டுகள் வரத் தொடங்கின. மூடியைத் திறந்தால் ஆவி. உள்ளே கண்ணாடி போன்ற மாவுக்குள் இறால் வைத்துக் கொசுவின சின்னச் சின்ன உருண்டைகள். பெடியன் ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்து அக்காவின் பக்கம் நீட்டுவான். அக்கா கையைக் காட்டுவார். அவன் தலையைக் குனிந்துவிட்டு மற்றவருக்கு வைப்பான். இறால் போனது. கோழி போனது. கீரை வைத்த ஒன்றும் போனது. அவனில் குற்றம் இல்லை. ஆள் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது என்று அவனுக்குப் பழக்கியிருப்பார்கள். அது அங்கத்தைய மரியாதை. மகன் மருமகளோடு சேர்ந்து அடுத்த சாப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவின் தட்டு வெள்ளை வெளேரென்று கிடந்தது. விடியக் காலையில் இருந்து அவர் ஒன்றும் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும். இடுக்கியைப் பறித்து நானே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அந்த மண்டபத்தில் கையை நீட்ட எனக்கும் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். மண்டபத்துக்குப் பொறுப்பானவர் போல் இருந்தது. அறுபது வயது சொல்லலாம், சீன முகம், கறுப்பு மேற்சட்டை, நரைத்த தலையை இழுத்துக் கட்டியிருந்தார். மலேசியாவில் இருந்து வந்து வேலை செய்கிறவர் என்று மகன் சொன்னான். எல்லா மேசைக்கும் சிரித்துக்கொண்டு வந்தவர், எங்கள் மேசையில் அக்காவின் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார். பெடியனிடம் இருந்து இடுக்கியை வாங்கினார். இறால் ஒன்றை எடுத்தார். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த அம்மா சிரித்தார். அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அந்த அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அக்கா தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அந்த அம்மா அந்தக் கையை மெல்லத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒன்றல்ல, இரண்டு வைத்தார். தேத்தண்ணியையும் கேட்காமலே ஊற்றினார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அக்காவின் முகம் பூத்துப்போய்விட்டது. என் காதுக்குள் குனிந்து, "இவ எங்கட ஆள் புள்ள" என்றார். இரண்டையும் தின்றார். மூன்றாவதை அவரே எடுத்தார். அந்தக் குளிர் மண்டபத்தில் எனக்கு அவர் மேல் வந்த பாசத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லாம் சரியாக நடந்துவிடும் என்று அப்போது நம்பினேன்.

முழு மீன் ஒன்று வந்தது. இஞ்சியும் வெங்காயத் தாளும் மேலே போட்டு அவித்தது. மேசையில் வைத்துத்தான் கொதி எண்ணெயை ஊற்றினார்கள். "நம்மட கொடுவா தானே இது, என்ன அலங்காரம்" என்று அக்கா சிரித்துக்கொண்டு இருக்கும்போது மகன் கேட்டான்.

"அம்மா, நாங்க ரெண்டு பேரும் யோசிச்சனாங்க. நீங்க எங்களோட வந்து இருக்க விருப்பமா? எண்டா இப்பவே விசா அலுவலைத் தொடங்கலாம்."

மருமகளும், "வாங்க மாமி" என்றாள்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"எனக்கென்னத்துக்கு மகன் அந்தக் குளிர்?" என்றார் அக்கா. "நான் இஞ்சயே இருந்துர்றன்."

மகன் நாற்காலியில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டான். "சரிம்மா. உங்கட விருப்பம்தான் முக்கியம்" என்றான். கண்ணாடி வட்டத்தைச் சுற்றி மீனை அம்மாவின் பக்கம் கொண்டுவந்து வைத்தான். பிறகு வீட்டுக் கூரையைப் பற்றிக் கதைத்தான். கூரையைத் திருத்தித் தருகிறானாம். கமெரா பூட்டித் தருகிறானாம். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி கேட்பான், கேட்பான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் முள்ளுத்தான் மிஞ்சியது.

அவன் கை கழுவப் போனபோது நான் பின்னால் போனேன்.

"தம்பி, உங்கட அம்மாக்கு வர விருப்பம்."

"இல்லயே அன்ரி, இப்ப கேட்டன்தானே. வேணாம் எண்டு சொன்னா."

"ஒரு தரம் கேட்டா அவ வேணாம் எண்டுதான் சொல்லுவா. மறந்து போனீங்களா? தேத்தண்ணிக்கே மூணு தரம் கேக்கணும்."

அவன் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அங்க நாங்க அப்பிடிக் கேக்கிறேல்ல அன்ரி. வேணாம் எண்டவங்களத் திருப்பித் திருப்பிக் கேட்டா அது கரைச்சல் குடுக்கிறது எண்டு நினைப்பினம். மறந்தே போய்ட்டன்" என்றான். வெட்கப்பட்டான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

திரும்பி வந்ததும் நாற்காலியை அம்மாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்தான். "அம்மா, உண்மையாத்தான் கேக்கிறன். வாங்கம்மா. வந்து எங்களோட இருங்க."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்த உடனேயே எல்லாம் பிழையாகப் போனது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"ஒருக்கா சொன்னன்தானே மகன். நான் வரல."

"அம்மா..."

"வரல எண்டா வரல. நீங்க ரெண்டு பேரும் சந்தோசமா இருந்தாக் காணும்."

அவன் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் கேட்டான். அக்காவின் குரலில் ஒரு அசைவும் இல்லை. இத்தனை வருசத்தில் அவர் வேண்டாம் என்று சொல்லி, அது வேண்டாம் என்றே இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வெளிக்கிடும்போது அந்த மலேசிய அம்மா கதவடியில் நின்று கைகூப்பினார். அக்காவும் கூப்பினார்.

வான் வாழைச்சேனையைத் தாண்டியது. எனக்கு ஆற்றாமை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஏன் அக்கா ஓம் எண்டு சொல்லல? அவன் எவ்வளவு கேட்டான்."

"நீதானே சொல்லிக் குடுத்தாய்?"

"ஓம். சொன்னதில என்ன பிழை?"

"உன்னில ஒரு பிழையும் இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முதல் தரம் நான் வேணாம் எண்ட உடன அவன் மூச்சு விட்டத நீ கண்டியா?"

கண்டேன்.

"நான் ஏன் புள்ள முதல் தரம் வேணாம் எண்டுறன்? கேக்கிற ஆளுக்கு ஒரு வழி விடுறது அது. மனமில்லாட்டி அந்த வழியால போய்ருவாங்க. மனமிருந்தா மறுகா வருவாங்க. மறுகா வரக்குள்ள முகத்தப் பாப்பன், விளங்கும். சைக்கிள் கடைக்காரர் போனாரு. இவனும் போனான். நீ போய்ப் புடிச்சுக் கொண்டு வந்தாய். அப்பிடி வந்தவனிட்ட நான் எப்பிடி ஓம் எண்டுறது?"

"அவனுக்கு மனமில்லை எண்டு நீங்களா நினைக்கிறீங்க அக்கா."

"பெத்தவளுக்கு முகம் தெரியாதா" என்றார். அதோடு கதை முடிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு இல்லை.

டவுணில் வாகன நெரிசல். கல்லடி தாண்டி, ஒவ்வொரு ஊராக நின்று நின்று, எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இடுப்பு முறிந்துபோனது எனக்கு. வீட்டில் மாமியாருக்குத் துணி மாற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், விடிந்தால் பஸ். அக்கா வீட்டு வாசலில் வான் நின்றது. கோழி ஒன்றும் இல்லாத முற்றம் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. அவர் இறங்கினார். நானும் இறங்கினேன். அவரை அந்த வீட்டுக்குள் தனியாக விட்டுப் போக எனக்கு ஏலவில்லை.

"அக்கா, எங்கட வீட்ட வாங்க. இண்டைக்கு மட்டும் எண்டு சொல்லல. வந்து எங்களோடயே இருங்க."

"வேணாம் புள்ள. உனக்கே ஒரு கிழவி படுக்கையில."

இது முதல் தரம். எனக்குத் தெரியும்தானே. வானுக்காரனை நிற்கச் சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, நான் உண்மையாத்தான் கேக்கிறன். வாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசல் வெளிச்சத்தில் ஆறுதலாக, மத்தியானம் மகனைப் பார்த்த மாதிரியே பார்த்தார். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். மனதில் ஒரு குறையும் இல்லை. உடம்புதான் நிற்க ஏலாமல் நின்றது. அவர் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"போய்ப் படு புள்ள. உனக்கு ஏலாமக் கிடக்கு."

"அது அலுப்பு அக்கா. அலுப்பு மட்டும்தான்."

"ஓம், ஓம்" என்றார், பிள்ளைக்குச் சொல்வது போல. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இரவு முழுவதும் வாகனம் ஓட்டி வந்தவனுடைய சிவந்த கண்ணும், நாற்காலியில் சாய்ந்து அவன் விட்ட மூச்சும் அப்போதுதான் எனக்கு நினைவில் வந்தன. கதவைத் தட்டி அதைச் சொன்னேன். அவனுக்கும் இதே அலுப்புத்தான் அக்கா என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளே விளக்குப் போட்டது தெரிந்தது. கதவு திறக்கவில்லை.